ஜப்பானிய வகுப்பறைக்கு ஹாலோவீன் எதற்கு?

ஜப்பானுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போகும் வெளிநாட்டவர், அக்டோபர் கடைசி வாரத்தில் ஹாலோவீன் பாடம் நடத்தியே தீர வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். சூனியக்காரித் தொப்பி, கண்ணும் பல்லும் வரைந்த பூசணிப் படம், மிட்டாய்ப் பை, வகுப்பு முழுவதும் ஒரே குரலில் கூவும் ‘ட்ரிக் ஆர் ட்ரீட்’. தொடக்கப் பள்ளிகளில் ஆண்டு தவறாமல் இது அரங்கேறுகிறது. பள்ளிகள் இதை எதிர்பார்க்கின்றன. உள்ளூர்க் கல்வி வாரியங்கள் இதைச் சர்வதேசப் புரிதலுக்கான நிகழ்ச்சி என்று கணக்கில் எழுதிக்கொள்கின்றன. ஆசிரியர்களில் பெரும்பாலோர் மனமுவந்து செய்கிறார்கள். செய்ய விருப்பமில்லாதவர், பிள்ளைகளின் மகிழ்ச்சியைக் கெடுப்பவர் என்ற பெயருக்கு அஞ்சிச் செய்கிறார். இந்த வழக்கம் தவறு என்கிறேன். பொதுப் பள்ளியின் பாட நேரத்தில், வெளிநாட்டு ஆசிரியரின் பொறுப்பாக, ஹாலோவீன் இருக்கக் கூடாது. பிள்ளைகளின் ஆங்கிலத்துக்கும், பண்பாட்டுப் பரிமாற்றத்துக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ஆசிரியர் என்ற மனிதருக்கும் அதனால் நட்டமே.

எதிர்த் தரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடு முதலில் சொல்லிவிடுகிறேன். 1987-இல் ஜப்பான் அரசு தொடங்கிய ஜெட் திட்டத்தின் பெயரிலேயே கற்பித்தலுக்கு முன்னால் பரிமாற்றம் என்ற சொல் நிற்கிறது. வெளிநாட்டு இளைஞர்களைச் சிற்றூர்ப் பள்ளிகள்வரை அனுப்பியதன் நோக்கத்தில் இலக்கணத்துக்கு ஈடாக, அயல் மனிதரோடு பழகும் கூச்சத்தைப் போக்குவதும் இருந்தது. தொடக்கப் பள்ளிக்கான பாடத்திட்ட வழிகாட்டியும் மொழியையும் பண்பாட்டையும் அனுபவத்தின் வழியாக உணரச் செய்யச் சொல்கிறது. அப்படியிருக்க, பிள்ளைகள் துள்ளிக் குதித்து வரும் ஒரு நாளை ஏன் விட வேண்டும்? ஆங்கிலம் என்றால் தேர்வு, மனப்பாடம், அச்சம் என்று ஆகிவிடும் நாட்டில், ஆங்கிலம் என்றால் சிரிப்பு என்று ஒரு நாளாவது ஆகட்டுமே. ஹாலோவீனில் இன்று மதம் எதுவும் மிச்சமில்லை. கிறிஸ்துமஸைக் கோழி வறுவலும் கேக்குமாக மாற்றிக்கொண்ட ஜப்பானுக்கு இன்னொரு அயல் விழாவால் குறை ஒன்றும் வந்துவிடாது. தன் ஊர் விழாவை ஓர் ஆசிரியர் அன்போடு காட்ட வரும்போது தடுப்பது பண்பும் இல்லை. இதுதான் அந்தத் தரப்பு. இதில் நல்லெண்ணம் இருக்கிறது. ஒரு பகுதி உண்மையும் இருக்கிறது. அதனால்தான் இதற்கு விரிவான பதில் தேவைப்படுகிறது.

ஹாலோவீனைச் சாட ஷிபுயாவை இழுத்து வருபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 2018-இல் டோக்கியோவின் ஷிபுயாவில் ஹாலோவீன் கூட்டம் ஒரு சிறு லாரியைக் கவிழ்த்தது. மறு ஆண்டு அங்கே ஹாலோவீன் நாட்களில் தெருவில் மது அருந்தத் தடை வந்தது. 2022-இல் சியோலின் இத்தேவோன் சந்தில் ஹாலோவீன் நெரிசலில் 159 பேர் இறந்த பிறகு, 2023-இல் ஷிபுயா மேயர் ஹசெபே கென் தங்கள் பகுதிக்கு வரவே வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இவை கூட்டக் கட்டுப்பாட்டின் பிரச்சினைகள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை காகிதத்தில் பூசணி வெட்டியதன் விளைவாக இவற்றைக் காட்டுவது நேர்மையற்ற வாதம். அயல் விழா நாட்டின் தூய்மையைக் கெடுக்கிறது என்று சொல்பவர்களும் என் கூட்டாளிகள் இல்லை. பொங்கல், ஈத், ஓணம், சீனப் புத்தாண்டு எதுவும் ஜப்பானியப் பிள்ளைக்குத் தெரிய வருவது நல்லதே. என் மறுப்புக்குக் காரணங்கள் வேறு.

முதல் மறுப்பு. ஹாலோவீன் ஆங்கிலம் பேசும் உலகத்தின் விழா என்பது உண்மைக்குப் புறம்பானது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அறுவடை முடிந்து குளிர் தொடங்கும் காலத்தில் இருந்த பழைய வழக்கம் அது. அங்கே விளக்குக் குடைந்தது டர்னிப் கிழங்கில். குடியேறிகளோடு கடல் கடந்து அமெரிக்கா போனபின் பூசணி வந்தது, மிட்டாய் வந்தது, இன்று நாம் காணும் உருவம் வந்தது. இங்கிலாந்தின் பெரும்பகுதியில் அந்தப் பருவத்துப் பிள்ளைகளின் விழாவாக நெடுங்காலம் இருந்தது நவம்பர் 5-ஆம் நாள் தீமூட்டும் இரவு. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அக்டோபர் இறுதி வசந்தகாலம். இலையுதிர்கால விழா அங்கே பருவத்தோடே பொருந்தாது. ஜமைக்காவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இது பரவலான மரபு இல்லை. பிலிப்பைன்ஸில் அந்த நாட்கள் கல்லறைகளுக்குக் குடும்பத்தோடு போய் மெழுகுவத்தி ஏற்றும் நாட்கள். 2024-இல் தமிழ்நாட்டிலும் சிங்கப்பூரிலும் இதே அக்டோபர் 31-இல்தான் தீபாவளி வந்தது. 1987-இல் ஜெட் திட்டத்தில் வந்த 848 பேரும் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்ற நான்கு நாட்டினர். இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஐயாயிரத்துக்கும் அதிகமானோர் அத்திட்டத்தில் இருக்கிறார்கள். ஜமைக்காவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறார்கள், இந்தியாவிலிருந்தும் சிலர் போகிறார்கள். தனியார் நிறுவனங்கள் வழியாகப் பள்ளிகளுக்குப் போகும் பிலிப்பைன்ஸ் ஆசிரியர்கள் ஏராளம். இவர்கள் எல்லோரிடமும் அக்டோபர் வந்ததும் ஒரே தொப்பியை நீட்டும் வழக்கம் பிள்ளைக்கு எதைக் கற்பிக்கிறது? ஆங்கிலம் பேசுகிறவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் உள்ளுக்குள் அமெரிக்கர்தான் என்று கற்பிக்கிறது. சர்வதேசப் புரிதல் என்று பெயரிட்ட பாடம், உலகத்தைப் பற்றிய ஒரு பெரிய தவறான புரிதலை விதைத்துவிட்டுப் போகிறது.

தன் ஊர் விழாவைக் காட்டுகிறார் என்ற வாதம் இங்கேயே பாதி உதிர்ந்துவிடுகிறது. மீதிப் பாதி அயர்லாந்துக்காரருக்கும் அமெரிக்கருக்கும் பொருந்தும் அல்லவா என்று கேட்கலாம். பொருந்தும். டப்ளினில் வளர்ந்த ஒருவர் தன் பாட்டி வீட்டில் அந்த இரவு எப்படி இருந்தது என்று பத்து நிமிடம் சொன்னால் அது உயிருள்ள பாடம். அந்தப் பத்து நிமிடத்தை நான் எதிர்க்கவில்லை. ஆனால் வழக்கத்தில் இருப்பது அதுவா? வண்ணத் தாளில் அச்சிட்ட படங்கள், கடையில் வாங்கிய சிலந்தி வலை, எந்த ஆசிரியர் வந்தாலும் மாறாத அதே நிகழ்ச்சி நிரல். ஒருவரின் நினைவு அங்கே பேசுவதே இல்லை. இவற்றை அறிமுகப்படுத்த ஆசிரியரும் தேவையில்லை. டோக்கியோ டிஸ்னிலேண்டில் ஹாலோவீன் நிகழ்ச்சி தொடங்கியது 1997-இல். கவாசாகி நகரில் அணிவகுப்பு தொடங்கியதும் அதே ஆண்டு. இன்றைய ஜப்பானியப் பிள்ளைக்கு ஹாலோவீன் அயல்நாட்டுச் செய்தியே இல்லை. செப்டம்பரிலேயே நூறு யென் கடையின் அடுக்குகளில் அதைப் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்கு வருகிறது. கடைக்காரர் முடித்துவிட்ட வேலையைத் திரும்பச் செய்ய ஆயிரக்கணக்கான கல் தொலைவிலிருந்து ஒருவரை வரவழைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு, நேரத்தைப் பற்றியது. 2020-இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தின்படி மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்கு அயல்மொழிக்கு ஆண்டுக்கு 35 பாடவேளை. ஐந்தாம், ஆறாம் வகுப்புகளுக்கு 70. ஒரு பாடவேளை 45 நிமிடம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் ஆங்கிலம் மொத்தமாக 26 மணி நேரமும் கால்மணியும். நாம் ஒன்றரை நாளில் வாழ்ந்து முடிக்கும் நேரத்தைவிடக் குறைவு. அதில் ஆசிரியரின் சுய அறிமுகத்துக்கு ஒன்று, ஹாலோவீனுக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று, பிப்ரவரி இதய அட்டைக்கு ஒன்று என்று எடுத்துவிட்டால் ஆண்டின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று. பல ஊர்களில் ஒரே ஆசிரியர் பல பள்ளிகளுக்குச் சுற்றி வருகிறார். ஒரு வகுப்பை மாதத்துக்கு ஒருமுறையோ அதைவிட அரிதாகவோதான் பார்க்கிறார். அந்த வகுப்புக்கு அக்டோபரில் அவர் வரும் ஒரே நாள் ஹாலோவீனுக்குப் போய்விட்டால், அந்த மாதம் அவரோடு அந்தப் பிள்ளைகள் பேசியது பூஜ்யம். அந்த 45 நிமிடத்தில் கிடைப்பது என்ன? வௌவால், எலும்புக்கூடு, மம்மி என்று அடுத்த அக்டோபர்வரை எந்தத் தேவைக்கும் வராத பெயர்கள். பொருள் புரியாமல் கூவும் ஒரு வாய்பாட்டுத் தொடர்.

இதற்கு மறுமொழியாக, திறமையான ஆசிரியர் ஹாலோவீனை வைத்தே ‘எனக்கு இது வேண்டும்’, ‘உனக்கு எது பிடிக்கும்’, ‘எத்தனை இருக்கிறது’ போன்ற பயனுள்ள வாக்கியங்களைப் பழக்க முடியும் என்பார்கள். முடியும், அப்படிச் செய்பவர்கள் உண்டு. ஆனால் அந்த வாதம் என் பக்கம்தான் பேசுகிறது. எண்ணவும் கேட்கவும் தெரிவு செய்யவும் கற்பிக்கும் வாக்கியங்களுக்கு வௌவால் எதற்கு? பள்ளி மதிய உணவின் பட்டியலை வைத்தே அவற்றைக் கற்பிக்கலாம். அது தினமும் அவர்கள் தட்டில் வருகிறது. பாடத்தின் பயனெல்லாம் மொழிப் பயிற்சியிலிருந்து வருகிறதென்றால், ஹாலோவீன் அங்கே வெறும் அலங்காரம். அலங்காரத்துக்காகப் பொருள் தைப்பதும் அட்டை வெட்டுவதும் பாடவேளையின் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது என்பதை அந்த வகுப்பை நடத்திய எந்த ஆசிரியரும் மறுக்க மாட்டார்.

மூன்றாவது மறுப்பு, ஆர்வம் என்ற வாதத்துக்கு. பிள்ளைகள் மகிழ்கிறார்கள் என்பதில் சந்தேகம் இல்லை. மிட்டாய் கொடுத்தால், மாறுவேடம் போடவிட்டால், கணக்குப் பாடத்திலும் மகிழ்வார்கள். அந்த மகிழ்ச்சி எதன் மேல் என்பதுதான் கேள்வி. ஆங்கிலத்தின் மேல் என்றால், அது அடுத்த வாரமும் அடுத்த ஆண்டும் கொஞ்சமாவது தொடர வேண்டும். 2023-இல் ஜப்பான் முழுவதும் நடந்த தேசியக் கல்வித்திறன் தேர்வில் நடுநிலைப் பள்ளி மூன்றாம் ஆண்டு மாணவர்களின் ஆங்கிலப் பேச்சுப் பகுதியில் சரியான விடைகளின் சராசரி 12.4 விழுக்காடு. ஏறத்தாழ பத்தில் ஆறு பேர் ஒரு கேள்விக்குக்கூடச் சரியாகப் பதில் சொல்லவில்லை. இவர்கள் தொடக்கப் பள்ளியில் விளையாட்டும் பாட்டும் விழாவுமாக ஆங்கிலத்தைச் சந்தித்த தலைமுறை. இந்த நிலைக்கு ஹாலோவீன் காரணம் என்று நான் சொல்லவில்லை; தேர்வே கடினமாக அமைந்தது என்ற விமர்சனமும் அப்போது எழுந்தது. நான் சொல்வது இதைவிடச் சிறியது: விழாவில் பிறந்த உற்சாகம் பேச்சாக மாறுகிறது என்பதற்கு ஆதரவாளர்கள் காட்டக்கூடிய சான்று எதுவும் இந்த எண்களில் இல்லை. தான் சொன்ன ஒன்று அடுத்தவருக்குப் புரிந்தது, அவர் திருப்பிச் சொன்னது தனக்குப் புரிந்தது என்ற அனுபவமே மொழி கற்பவரை மேலும் பேசத் தூண்டும். ஹாலோவீன் வகுப்பில் அந்த அனுபவத்துக்கு இடமே இல்லை. எல்லோரும் ஒரே தொடரைச் சொல்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே மிட்டாய் கிடைக்கிறது. சரியாகச் சொன்னவர், தவறாகச் சொன்னவர், வாயசைத்தவர் என்ற வேறுபாடே அங்கே எழுவதில்லை.

நான்காவது மறுப்பு: தீங்கற்றது என்ற சொல்லை யார் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். தீங்கு படாதவர்கள் சொல்கிறார்கள். ஜப்பானில் யெகோவாவின் சாட்சிகள் சமூகம் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டது. அவர்கள் ஹாலோவீன் கொண்டாடுவதில்லை. பிள்ளைகளை இதிலிருந்து விலக்கிவைக்கும் முஸ்லிம் குடும்பங்களும், பிரேசிலிலிருந்து வந்த சுவிசேஷ சபைக் குடும்பங்களும் இன்று ஜப்பானியப் பள்ளிகளில் இருக்கின்றன. ஹாலோவீன் வகுப்பு நடத்துவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று வாதாட எனக்கு விருப்பமில்லை. அரசு அமைப்புகள் மதக் கல்வியிலோ மதச் செயலிலோ இறங்கக் கூடாது என்று 20-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் 1977-இல் ட்சு நகரின் பூமி பூஜை வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நோக்கம், விளைவு என்ற அளவுகோலை வைத்தால் பூசணிப் படம் தப்பிவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது 1996-இன் இன்னொரு தீர்ப்பு. மத நம்பிக்கை காரணமாகக் கெண்டோ என்னும் வாள்வீச்சுப் பயிற்சியில் கலந்துகொள்ள மறுத்த கோபே தொழில்நுட்பக் கல்லூரி மாணவர் ஒருவர் வெளியேற்றப்பட்டார். மாற்று ஏற்பாடு எதையும் போதுமான அளவு ஆராயாமல் அப்படிச் செய்தது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கெண்டோவாவது பாடத்திட்டத்தில் இருந்த ஒன்று. ஹாலோவீன் எந்தப் பாடத்திட்டத்திலும் கட்டாயம் இல்லை. கட்டாயமில்லாத ஒன்றுக்காக எட்டு வயதுப் பிள்ளையை, வகுப்பே வேடம் போட்டு நிற்கும் வேளையில் நூலகத்தில் தனியே உட்கார வைக்கிறோம். அல்லது வீட்டில் சொல்லாமல் கலந்துகொண்டு மனசாட்சியோடு போராட விடுகிறோம். கூட்டத்திலிருந்து வேறாகத் தெரிவது பெரும் துன்பமாகிவிடும் பள்ளிச் சூழலில் இது சின்ன விஷயம் இல்லை. அதுவும் வேறுபாட்டை மதிக்கக் கற்பிக்கவென்றே வந்த ஆசிரியரின் வகுப்பில் இது நடக்கிறது.

தீங்கற்றது என்ற பேச்சு வரும்போது ஜப்பான் மறக்கக் கூடாத ஒரு பெயர் உண்டு. நகோயாவைச் சேர்ந்த ஹத்தோரி யோஷிஹிரோ, 16 வயது, அமெரிக்காவின் லூசியானாவில் பரிமாற்ற மாணவர். 1992 அக்டோபர் 17 அன்று பேட்டன் ரூஜ் நகரில் ஹாலோவீன் விருந்துக்கு வேடமணிந்து போனபோது தவறான வீட்டின் மணியை அழுத்தினார். வீட்டுக்காரர் துப்பாக்கியோடு வந்து, அசையாமல் நிற்கச் சொன்னார், பையன் நிற்காமல் முன்னே வந்தான், சுட்டுக் கொன்றார். 1993-இல் ஜூரி அவரை விடுவித்தது. யோஷிஹிரோவின் பெற்றோர் அமெரிக்காவில் துப்பாக்கிக் கட்டுப்பாடு கோரி ஜப்பானில் 17 லட்சத்துக்கும் அதிகமான கையொப்பங்கள் திரட்டி, அந்த ஆண்டு நவம்பரில் அதிபர் கிளின்டனைச் சந்தித்தார்கள். இதைத் தொடக்கப் பள்ளியில் சொல்லச் சொல்லவில்லை. ஆனால் உயர்நிலைப் பள்ளியில்கூட, பதினாறு வயதுப் பிள்ளைகள் முன்னால், ஹாலோவீன் என்றால் முகத்தில் சாயமும் மிட்டாயும் மட்டும்தான் என்று நடத்தும்போது, ஜப்பானுக்கும் அந்த விழாவுக்கும் இடையிலான மிகப் பெரிய உண்மைச் சம்பவத்தையே விழுங்கிவிடுகிறோம். அயல்மொழியில் ஒரு கட்டளை காதில் விழுந்து மனத்தில் ஏறாமல் போனால் என்ன நேரலாம், ஒரு நாட்டின் சட்டமும் அச்சமும் இன்னொரு நாட்டுப் பிள்ளையை எப்படி அணுகும், மகனை இழந்த இருவர் வெறுப்பை விட்டு எதைத் தேர்ந்தார்கள் என்றெல்லாம் பேசும் வகுப்பு ஒன்று இருந்தால், அது அக்டோபரில் நடக்கட்டும். அதற்கு நான் எதிரியாக மாட்டேன்.

ஐந்தாவது மறுப்பு, எனக்கு மிகவும் வலிக்கும் இடம். இந்த வழக்கம் ஆசிரியரை ஆசிரியராக இருக்க விடுவதில்லை. பள்ளிகளில் இவர்களுக்கு உள்ள பதவிப் பெயர் உதவி மொழி ஆசிரியர், எல்லோரும் ஏ.எல்.டி. என்பார்கள். ஜெட் திட்டத்தில் ஓராண்டு ஒப்பந்தம், நீட்டித்தால் அதிகபட்சம் ஐந்தாண்டு. தனியார் நிறுவனம் வழியாக வருபவர்களின் நிலை இன்னும் நிலையற்றது: பணி ஒப்படைப்பு முறையில் அனுப்பப்பட்டால், பள்ளியின் வகுப்பாசிரியர் அவருக்கு நேரடியாக அறிவுறுத்தல் தரவே தொழிலாளர் சட்டப்படி இடமில்லை. பக்கத்தில் நின்று பாடம் நடத்தும் இருவர் பாடத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளத் தடை! இப்படிக் கட்டிப்போட்ட ஒரு பணியில், அந்த மனிதரை என்ன செய்வதென்று தெரியாத பள்ளிக்கு ஹாலோவீன் வசதியான விடை. திட்டமிடல் கூட்டம் வேண்டாம், பாடநூலோடு இணைக்க வேண்டாம், மதிப்பீடு வேண்டாம். வகுப்பாசிரியருக்கு ஒரு பாடவேளை ஓய்வு. வாரியத்தின் செய்தி மடலுக்கு ஒரு நிழற்படம். பெற்றோருக்கு ஒரு திருப்தி. மிட்டாய்க்கும் வேடத்துக்கும் ஆசிரியரே தன் கைக்காசைச் செலவழிப்பதும் அரிதில்லை. ஏமாந்தவர் யார் என்று பார்த்தால், கற்பிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசையோடு வந்த இளைஞர். ஜெட் ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஜூலை இறுதியிலோ ஆகஸ்டிலோ வந்திறங்குகிறார்கள். செப்டம்பர் முழுதும் சுய அறிமுகத்தில் போகும். அதன்பின் அவர்கள் பொறுப்பில் முழுதாக விடப்படும் முதல் பாடம் பலருக்கு ஹாலோவீன்தான். முதல் பாடத்திலேயே பள்ளி அவருக்குச் சொல்லிவிடுகிறது, உன்னிடம் எதிர்பார்ப்பது வேடிக்கை என்று. அதற்குப் பிறகு அவர் பாடநூலைப் பற்றி ஒரு யோசனை சொன்னால் யாரும் காது கொடுப்பதில்லை. அவரும் சில மாதங்களில் யோசனை சொல்வதை நிறுத்திவிடுகிறார். வேடம் போட மறுக்கும் ஆசிரியரை இறுக்கமானவர் என்று பேசுவதும், போட்டவரை மனம் திறந்தவர் என்று புகழ்வதும், இந்த ஏற்பாடு தன்னைக் காத்துக்கொள்ளும் முறை.

ஆறாவது மறுப்பு, பரிமாற்றம் என்ற சொல்லுக்கு. பரிமாற்றம் என்றால் இரு பக்கமும் கை நீள வேண்டும். ஹாலோவீன் வகுப்பில் ஒருவர் கொடுக்கிறார், முப்பது பேர் வாங்கிக்கொள்கிறார்கள். பிள்ளைகளிடம் இருப்பதை யாரும் கேட்பதில்லை. அவர்களிடம் இருப்பதோ கொஞ்சநஞ்சம் இல்லை. ஹொக்காய்டோத் தீவின் ஹக்கோடாடேயில் ஜூலை 7 மாலை பிள்ளைகள் யுகத்தா உடுத்தி வீடு வீடாகப் போய்ப் பாட்டுப் பாடி மெழுகுவத்தி கேட்பார்கள். இப்போது இனிப்பும் கிடைக்கும். ரோசோகு மொராய் என்று பெயர். அந்தத் தீவின் வேறு பல ஊர்களில் இது ஆகஸ்ட் 7-இல் நடக்கும். மியே மாநிலத்தின் யொக்கய்ச்சி முதலான ஊர்களில் இலையுதிர்காலப் பௌர்ணமி அன்று நிலவுக்குப் படைத்ததைப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய் எடுத்துக்கொள்ளலாம்; நிலாத் திருடர் என்று அவர்களை அன்போடு அழைப்பார்கள். அகிதாவின் ஓகா தீபகற்பத்தில் ஆண்டின் கடைசி இரவில் நமஹாகே என்னும் அரக்க முகமூடி வைக்கோல் உடையோடு வீட்டுக்குள் புகுந்து, சோம்பேறிப் பிள்ளை எங்கே என்று உறுமும். 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய வழக்கம் அது. பிப்ரவரியில் செட்சுபுன் அன்று வறுத்த சோயா மொச்சையை அரக்கன் மேல் எறிந்து விரட்டாத தொடக்கப் பள்ளிப் பிள்ளை அங்கே குறைவு. ஆகஸ்டில் முன்னோர் வீடு திரும்பும் ஓபோன். முகமூடி, வீடு வீடாகக் கேட்டல், இனிப்பு, இறந்தோர் நினைவு, பயமுறுத்தலும் சிரிப்பும் என்று ஹாலோவீனின் ஒவ்வோர் உறுப்பும் அந்தப் பிள்ளைகளின் பாட்டன் ஊரில் வேறு பெயரில் இருக்கிறது. இவற்றில் எதையும் அறியாத ஒருவர் வகுப்பின் முன்னால் நிற்கிறார். மொழி வகுப்புக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வாய்க்காது. அறியாதவர் உண்மையாகவே கேட்கிறார். அறிந்தவர்கள் உண்மையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. யார் வருவார்? என்ன நிறம்? உனக்குப் பயமாக இருந்ததா? என்ன சாப்பிடுவீர்கள்? மூன்றாம் வகுப்பின் ஆங்கிலத்துக்குள் அடங்கும் கேள்விகளே இவை. ஒவ்வொரு விடையும் ஆசிரியருக்குப் புதுச் செய்தி. பிள்ளை சொன்னது அவர் முகத்தில் வியப்பாகத் தெரியும். அதைக் கண்ட பிள்ளை இன்னொரு சொல் தேடும்.

இதற்கு முன்னோடி இல்லாமலும் இல்லை. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த அயலவர்களில் அந்நாடு மிகவும் போற்றுபவர்களில் ஒருவர் லாஃப்காடியோ ஹெர்ன். கிரேக்கத் தீவொன்றில் பிறந்து, ஹாலோவீன் பிறந்த அயர்லாந்தில் வளர்ந்தவர். 1890-இல் மாட்சுவே நகர நடுநிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியரானார். பேய்க்கதை சொல்ல அவரைவிடத் தகுதியான வெளிநாட்டவர் அன்று ஜப்பானில் இருந்திருக்க முடியாது. ஆனால் அவர் இன்று நினைக்கப்படுவது அயர்லாந்தின் ஆவிகளைக் கொண்டுவந்ததற்காக இல்லை. மனைவி கொய்சுமி செட்சு சொல்லச் சொல்லக் கேட்டு ஜப்பானின் ஆவிகளை ஆங்கிலத்தில் எழுதியதற்காக. 1904-இல் வெளிவந்த ‘க்வைதான்’ அப்படி உருவான நூல். செட்சுவுக்கு ஆங்கிலம் அரிது, ஹெர்னுக்கு ஜப்பானிய மொழி அரைகுறை. இருவரும் தங்களுக்குள் கலந்து பேசிய உடைந்த மொழியில்தான் அந்தக் கதைகள் கைமாறின. கேட்கத் தெரிந்த அயலவர் ஒருவர் வந்தால், சொல்லத் தயங்கிய ஒருவர் எவ்வளவு சொல்வார் என்பதற்கு ஜப்பானிய வரலாறே வைத்திருக்கும் சான்று இது.

எஞ்சிய ஆட்சேபங்கள் இரண்டு. ஒன்று, தனியார் ஆங்கிலப் பேச்சுப் பள்ளிகள் பற்றியது. எய்காய்வா எனப்படும் அப்பள்ளிகளில் ஹாலோவீன் விருந்து நடப்பது பெற்றோர் தெரிந்தே பணம் கட்டிச் சேர்க்கும் நிகழ்ச்சி, விருப்பமில்லாதவர் வரமாட்டார். அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஊர்ச் சமூகக் கூடத்தில் மாலையில் நடந்தாலும் அப்படியே. இரண்டாவது, பிள்ளைகளே கேட்கிறார்களே என்பது. கேட்கிறார்கள், உண்மை. கடைகளும் தொலைக்காட்சியும் முந்தைய ஆண்டு வகுப்பும் எதிர்பார்க்கச் சொல்லிக்கொடுத்ததைக் கேட்கிறார்கள். பிள்ளை கேட்பதையெல்லாம் பாடமாக்குவது பள்ளியின் வேலை என்று வேறு எந்தப் பாடத்திலும் யாரும் வாதிடுவதில்லை.

ஆகஸ்டில் வந்திறங்கும் இருபத்திரண்டு வயது ஆசிரியர் ஒருவர் தனியே நின்று இந்த வழக்கத்தை மறுக்க முடியாது. அவரிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஜப்பானியப் பள்ளியின் ஆண்டுப் பாடத்திட்டம் கல்வியாண்டு தொடங்கும் ஏப்ரலை ஒட்டியே வகுக்கப்படுகிறது. அக்டோபர் கடைசி வாரத்தின் கட்டத்தில் ஹாலோவீன் என்று எழுதுவது தலைமையாசிரியரும் வகுப்பாசிரியரும் வாரியத்தின் அலுவலரும்தான். அழிக்க வேண்டியவர்களும் அவர்கள்தான். அந்த ஒரு பாடவேளையை அவர்கள் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுக்கட்டும்: வந்திருக்கும் ஆசிரியருக்குத் தங்கள் ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்ல.